தரிசு என்று ஒரு சொல்

லண்டனில் லாயிட்ஸ் வங்கியில் வேலை பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் 1921இல் உடம்பும் மனசும் சரியில்லை என்று மூன்று மாதம் லீவு போட்டார். அந்த லீவில் பெரும்பகுதியை எழுதி முடித்த கவிதை மறு வருஷம் வெளிவந்தது. வங்கியில் உட்கார்ந்துகொண்டு கவிதையைப் பற்றிப் பேசுகிற எல்லோருக்கும் எலியட்டின் இந்த லீவு ஒரு தேறுதல், எனக்கும்தான். ஆனால் இதில் யாரும் அதிகம் பொருட்படுத்தாத ஒரு தகவல் இருக்கிறது. தரிசு நிலத்தை எழுதிக்கொண்டிருந்தபோது அவர் கண்முன் இருந்தது முதலில் மார்கேட் கடற்கரை, பிறகு ஸ்விட்ஸர்லாந்தில் லோஸான் நகரத்து ஏரி. தண்ணீரைப் பார்த்தபடி வறட்சியை எழுதியிருக்கிறார். அதில் குற்றமொன்றுமில்லை. அவருடைய தரிசு யுத்தம் முடிந்த ஐரோப்பா. அதற்கு அவர் மணலைப் போய்ப் பார்க்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

தமிழில் நடந்தது வேறு. 1959இல் ‘எழுத்து’ தொடங்கியதற்குப் பின் புதுக்கவிதைக்கு வந்தவர்களில் கணிசமானவர்கள் அந்த வறட்சியை மூட்டையாக இறக்கிக்கொண்டார்கள். மனசு பாலைவனம், நகரம் பாலைவனம், படுக்கையறையும் பாலைவனம். கள்ளியும் கானலும் எட்டிப்பார்க்காத தொகுதி அபூர்வம். எழுதியவர்களில் பலர் வாய்க்கால் கரையில் பிறந்து வளர்ந்தவர்கள். அனுபவமில்லாமல் எழுதினார்கள் என்பது என் புகார் இல்லை; அனுபவத்தைச் சாதிச் சான்றிதழ் மாதிரி இணைக்கச் சொல்லும் விமர்சனம் எனக்கு உடன்பாடும் இல்லை. என் சங்கடம் அந்தச் சொல்லோடு. பாலைவனம் என்று சொன்ன மாத்திரத்தில் அங்கே ஒன்றுமில்லை என்று எழுதுகிறவரும் படிக்கிறவரும் ஒப்பந்தம் செய்துகொண்டுவிடுகிறார்கள். ஒன்றுமில்லாத இடம் என்று பூமியில் ஒன்று உண்டு என்ற இந்த நம்பிக்கை கவிதைக்குள்ளேயே கிடந்தால் நஷ்டம் கவிதைக்கு மட்டும்தான். அது வெளியேயும் நடமாடுகிறது.

டிசம்பரில் எல்.எஃப்.ஸி. எடுத்துக்கொண்டு நானும் வங்கி நண்பர் ஒருவரும் ராஜஸ்தான் போனோம். ஜோத்பூர் வரை ரயில். அங்கிருந்து ஐந்து நாளைக்கு ஓட்டுநரோடு ஒரு பொலேரோ. போக நினைத்தது ஜெய்சல்மேருக்கு மேற்கிலும் தெற்கிலும் பரந்துகிடக்கிற பாலைவன தேசியப் பூங்காவுக்கு. 3,162 சதுர கிலோமீட்டர். ஜெய்சல்மேர், பார்மேர் என்று இரண்டு ஜில்லாக்களில் கிடக்கிறது. 1980இல் அறிவிக்கப்பட்டது. பெயரில்தான் தேசியப் பூங்கா, சட்டத்தில் சரணாலயம். உள்ளே எழுபதுக்கும் மேற்பட்ட கிராமங்கள் இருக்கின்றன. ஆடுகளும் மாடுகளும் ஒட்டகங்களும் தம் பாட்டுக்கு மேய்கின்றன. ஆகையால் முதுமலையிலோ முண்டந்துறையிலோ போல வாசலில் நிறுத்தி உள்ளே விடுகிற சம்பிரதாயம் இங்கே கிடையாது. ரோடு போய்க்கொண்டே இருக்கிறது. பூங்கா எந்த இடத்தில் ஆரம்பித்தது என்று தெரிவதில்லை. வேலி போட்டு அடைத்த சில வளாகங்கள் உண்டு. அவற்றுக்கு மட்டும் ஜெய்சல்மேரில் வனத்துறை அலுவலகத்தில் அனுமதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

ஜோத்பூரிலிருந்து ஜெய்சல்மேர் சுமார் 280 கிலோமீட்டர். நல்ல ரோடு. எண்பது, தொண்ணூறு என்று வண்டி போகும்போது ஒரு விஷயம் நடக்கிறது. ரோட்டை ஒட்டியுள்ளதெல்லாம் கோடாக இழுபட்டு மறைந்துவிடுகிறது; தொடுவானம் மட்டும் நிற்கிறது. நம் ஊர் ரோட்டில் இந்த வேகத்தில் பனையும் டீக்கடையும் சினிமா சுவரொட்டியும் ஆள் உயரத்துக்கு மேல் நின்று கண்ணைப் பிடித்துக்கொள்கின்றன. இங்கே உள்ளவை பெரும்பாலும் முழங்கால் உயரம், இடுப்பு உயரம். காரின் வேகம் அவற்றைத் துடைத்துவிடுகிறது. பிறகு மிச்சமிருப்பதைப் பார்த்து, "என்ன ஸார், ஒன்றுமேயில்லையே" என்கிறார் நண்பர். அவர் சொன்னது சரிதான். மணிக்கு எண்பது கிலோமீட்டரில் அங்கே ஒன்றுமில்லை.

வழியில் போக்ரான் வருகிறது. 1974இலும் 1998இலும் அணுகுண்டு வெடித்துப் பார்த்தது இந்தப் பக்கம்தான். வெடித்த இடத்துக்குப் பக்கத்திலேயே கேத்தோலாய் என்று ஒரு கிராமம் இருக்கிறது. பத்திரிகைகள் அப்போதும் பாலைவனம் என்றுதான் எழுதின.

மணல்மேடுகளை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். பூங்காவின் பரப்பில் அவை ஐந்தில் ஒரு பங்குதான். மற்றதெல்லாம் கல்லாங்குத்து, இறுகிய மண்தரை, காய்ந்த உப்பேரிப் படுகை, புல்வெளி. ஆனால் பாலைவனம் என்றால் மணல் என்று காலண்டர் பார்த்து வருகிறவர்களுக்காக, ஜெய்சல்மேருக்கு மேற்கே நாற்பது கிலோமீட்டரில் ஸம் என்ற இடம் தயாராக இருக்கிறது. வரிசையாகக் கூடாரங்கள், ஒட்டகச் சவாரி, மணலில் ஜீப் விட்டு வயிற்றைக் கலக்கும் வேடிக்கை, இரவில் ஒலிபெருக்கி. சூரியன் மறைவதைப் பார்க்க வந்திருந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் சூரியனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தங்களையே படமெடுத்துக்கொண்டிருந்தார்கள். கால் மணிக்குமேல் அங்கே இருக்கவில்லை.

மறுநாள் காலை ஓட்டுநரிடம் ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். பத்து கிலோமீட்டருக்கு ஒருமுறை, பார்க்க எதுவும் இருந்தாலும் இல்லாவிட்டாலும், வண்டியை நிறுத்திவிட வேண்டும். அவர் எங்களை ஒருமுறை பார்த்துவிட்டு, "உங்கள் இஷ்டம், சாப்" என்றார். நண்பர் மீட்டரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே வந்தார். எஞ்சினை நிறுத்தி இறங்கியதும் முதலில் வருவது காற்று. அடுத்தாற்போல் தரை. எங்கே பார்த்தாலும் எழுத்து: வண்டு போன தடம், பல்லி போன தடம், நடுவில் வாலை இழுத்த கோடு, நரியின் கால், ஆட்டுப் புழுக்கை. கட்டுக் கட்டாக நிற்கும் புல்லுக்கு சேவண் என்று பெயர். மாட்டுக்கு அதைவிட நல்ல புல் கிடையாது என்பது ஓட்டுநரின் கட்சி. இலையே இல்லாமல் பச்சைக் குச்சியாகப் படர்ந்திருப்பது கேர். அதன் காய் ஊறுகாய்க்கும் கறிக்கும். மணல் பறக்காமல் பிடித்துக்கொண்டு நிற்பது போக். எருக்கைப் பார்த்ததும் நண்பருக்கு ஊர் ஞாபகம் வந்துவிட்டது. வளை வாசலில் ஒரு பல்லி வெயில் காய்ந்துகொண்டிருந்தது, முழ நீளம், வாலெல்லாம் முள். நாங்கள் நெருங்கியதும் தலையை உள்ளே விட்டு வாலை மட்டும் வெளியே வைத்துக்கொண்டது. தூரத்தில் மூன்று சிங்காரா மான்கள் நின்று பார்த்துவிட்டு, ஓடலாமா வேண்டாமா என்ற யோசனையில் நடந்தன.

மூன்றாவது நிறுத்தத்தில் ஒரு மரம். கேஜ்ரி என்றார் ஓட்டுநர். அந்த இலையையும் முள்ளையும் எனக்குத் தெரியும். விருத்தாசலம் கோயிலில் ஸ்தல விருட்சமாகக் கம்பிக்குள் நிற்கிறதே, அதே வன்னி. அங்கே அதற்குத் திருநீறு. இங்கே அதன் தழை ஆட்டுக்கு, காய் அடுப்புக்கு, நிழல் பயிருக்கு. 1730இல் ஜோத்பூருக்குப் பக்கத்தில் ராஜாவின் ஆட்கள் இந்த மரத்தை வெட்ட வந்தபோது பிஷ்னோய்கள் மரத்தைக் கட்டிக்கொண்டு நின்று 363 பேர் உயிரை விட்டார்கள். இந்த மரத்தின் அடியில் நின்றுகொண்டு பாலைவனத்தைச் சூனியத்துக்கு உவமை சொல்ல வேண்டுமென்றால் அசாத்தியத் துணிச்சல் வேண்டும்.

இந்த இடத்தில் நம் மரபைப் பற்றி ஒரு வார்த்தை. தொல்காப்பியம் பாலைக்கு நிலம் ஒதுக்கவில்லை. முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் தம் இயல்பு திரிந்து எடுக்கும் கோலமே பாலை என்று பின்னால் இளங்கோ விளக்குகிறார். பாலை, அப்படியானால், ஓர் இடம் என்பதைவிட ஒரு நிலைமை. இதை நம் நவீனத்துவர்கள் பிடித்துக்கொண்டார்கள்: பாலை என்பதே மனநிலை, ஆகவே எங்கேயும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் சங்கப் பாலைப் பாட்டுகளைத் திறந்து பாருங்கள். ஓமை, இருப்பை, கள்ளி, செந்நாய், பருந்து, பல்லி என்று ஆளாளுக்கு அங்கே ஒரு வேலை இருக்கிறது. பிரிவைச் சொல்ல வந்த கவிஞன் முதலில் மரப்பட்டையைப் பார்க்கிறான். நிலமில்லாத திணை என்று இலக்கணம் சொன்ன பிறகும் அவன் நிலத்தை விடவில்லை. வெறுமையை நாம் எலியட்டிடமிருந்து எடுத்துக்கொண்டு, அதற்குச் சங்கத்தின் முத்திரையைக் குத்தினோம் என்றுதான் தோன்றுகிறது. இதை மறுக்க விரும்புகிறவர்கள் எழுதலாம், பக்கம் இருக்கிறது.

சுதாசரி வளாகத்துக்குப் போனது மூன்றாம் நாள். வேலிக்குள் புல் இடுப்பளவு நின்றது; வேலிக்கு வெளியே ஆடு மேய்ந்த கட்டை. வனக்காவலர் ஒருவர் எங்களோடு வண்டியில் ஏறிக்கொண்டார். கதவைத் திறக்கக் கூடாது, பேசுவதாக இருந்தால் மெதுவாக. ஒரு மணி நேரம் முதல் கியரில் ஊர்ந்தோம். காவலர் கையை நீட்டிய பக்கம் முதலில் புல்தான் தெரிந்தது. பிறகு புல்லுக்குமேல் ஒரு வெள்ளைக் கம்பு. கம்பு நகர்ந்தது. கோடாவண். தமிழில் கானமயில். மூதுரை படித்த பிள்ளைகளுக்கெல்லாம் இந்தச் சொல் தெரியும்; வாத்தியார் சொல்லிக்கொடுத்தது தோகை விரித்தாடுகிற மயிலை. இதற்குத் தோகை இல்லை. ஒரு மீட்டர் உயரம், நீண்ட வெளிறிய கழுத்து, தலைமேல் கறுப்புத் தொப்பி, அலகைச் சற்றே மேலே தூக்கியபடி, கச்சேரிக்கு வருகிற பழைய மிராசுதார் மாதிரி நடை. ஆண் பறவை பதினைந்து கிலோ வரை இருக்கும். பறக்கும் பறவைகளில் மிகக் கனமானவற்றில் ஒன்று. பெண் தரையில் ஒரே ஒரு முட்டை இடும். சாலிம் அலி இதை தேசியப் பறவையாக்க வேண்டும் என்று வாதாடியவர். 1963இல் மயிலுக்கு அந்த ஸ்தானம் போயிற்று. ஒரு காலத்தில் தமிழ்நாடு வரையில் இருந்தது. 1969இல் இந்தியாவில் சுமார் 1,260 இருக்கும் என்றார்கள். இன்று காட்டில் எஞ்சியிருப்பது நூற்றைம்பதுக்கும் கீழே, அதில் பெரும்பகுதி இந்த ஜில்லாவில். பத்து நிமிஷம் பார்த்திருப்போம். பைனாகுலரை மாற்றி மாற்றிக் கொடுத்துக்கொண்டோம். அது எங்களைப் பார்த்ததா என்று கேட்டேன். "உங்களை எப்போதோ பார்த்துவிட்டது, சாப்" என்றார் காவலர்.

அந்தப் பார்வையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கானமயிலின் கண்கள் தலையின் இரண்டு பக்கங்களிலும் இருக்கின்றன. நரி எந்தப் பக்கமிருந்து வந்தாலும் தெரியும். நேர் எதிரே தெரிவதுதான் குறைவு. இதே பேரினத்தைச் சேர்ந்த ஆப்பிரிக்கப் பறவை ஒன்றின் பார்வைப் புலத்தை அளந்து 2010இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. பறக்கும்போது கீழே தரையைப் பார்ப்பதற்காகத் தலையைச் சற்றுத் தாழ்த்தினால் போதும், போகிற திசை முழுக்க அதற்குக் குருடாகிவிடுகிறது. லட்சக்கணக்கான வருஷமாக இதனால் ஒரு பாதகமும் இல்லை. திறந்த வெளியில், பறக்கும் உயரத்தில், எதிரே வரக்கூடியது என்று எதுவும் இருந்ததில்லை. இப்போது கம்பி இருக்கிறது. கனத்த உடம்பு, கடைசி நிமிஷத்தில் தெரிந்தாலும் திரும்ப முடியாது.

ஜெய்சல்மேரைச் சுற்றி எந்தத் திசையில் போனாலும் காற்றாலைகள். 2001இலிருந்து நட்டுக்கொண்டு வருகிறார்கள். இப்போது சூரிய மின்சாரப் பலகைகளும் சேர்ந்துகொண்டன. அங்கே பிறக்கும் மின்சாரத்தை ஊருக்குக் கொண்டுபோகக் கம்பி வேண்டும். பூங்காவையும் அதைச் சுற்றிலும் 4,200 சதுர கிலோமீட்டரை எடுத்துக்கொண்டு இந்திய வனவுயிர் நிறுவனத்தார் கணக்கிட்டதில், வருஷத்துக்கு எண்பதாயிரத்துக்கும் மேல் பறவைகள் கம்பியில் அடிபட்டுச் சாகின்றன. எல்லா இனமும் சேர்த்து. கானமயிலுக்காக எம்.கே. ரஞ்சித்சிங் முதலானோர் உச்ச நீதிமன்றம் போனார்கள். 2021 ஏப்ரலில் கம்பிகளை மண்ணுக்கடியில் புதைக்கச் சொல்லி உத்தரவு வந்தது. அத்தனை உயர் அழுத்தக் கம்பியையும் புதைப்பது சாத்தியமில்லை, நிலக்கரியைக் குறைப்பதாக உலகத்துக்குக் கொடுத்த வாக்கு இருக்கிறது என்று அரசு சொல்லியது; 2024 மார்ச்சில் உத்தரவு தளர்த்தப்பட்டு நிபுணர் குழுவிடம் போயிற்று. அரசின் வாதத்தை நான் ஏளனம் செய்யத் தயாராக இல்லை. காற்றிலிருந்து வருகிற மின்சாரத்தில்தான் இந்தக் கட்டுரையை விளக்குப் போட்டு எழுதுகிறேனோ என்னவோ. முட்டைகளை எடுத்துவந்து பொரிக்க வைத்து, ஸம்மிலும் ராம்தேவ்ராவிலும் குஞ்சு வளர்க்கிறார்கள். 2024 அக்டோபரில் செயற்கைக் கருவூட்டலிலேயே ஒரு குஞ்சு பிறந்தது. குஞ்சு வளர்ந்தபின் பறப்பதற்கு வானம் வேண்டும் என்பது அடுத்த விவகாரம்.

ஏன் இந்த நிலம் என்ற கேள்விக்கு வெயில், காற்று என்று பதில் சொல்வார்கள். அது பாதிப் பதில். மறு பாதி ரிஜிஸ்தரில் இருக்கிறது. மத்திய அரசின் நிலவளத் துறை ஓர் அட்லஸ் வெளியிட்டுவருகிறது. முதல் பதிப்பு 2000இல். அதன் பெயர் தரிசு நில அட்லஸ். ஆங்கிலத்தில் எலியட்டின் அதே இரண்டு சொற்கள், நடுவில் இடம் விடாமல். புதர்க்காடு, மேய்ச்சல் தரை, பாலை மணல் எல்லாவற்றுக்கும் அதில் பத்தி உண்டு. நான் வேலை பார்ப்பது விவசாயக் கடன் பிரிவில். தினம் பத்து அடங்கலாவது கையில் வரும். தீர்வை ஏற்பட்ட தரிசு, தீர்வை ஏற்படாத தரிசு என்று நம் வருவாய்த் துறைக்கும் கணக்கு உண்டு. யோசித்தால் இந்தச் சொல்லில் மண்ணைப் பற்றி ஒரு தகவலும் கிடையாது. வரி வருகிறதா இல்லையா என்பது ஒன்றுதான் தகவல். வெள்ளைக்காரன் கணக்குப்பிள்ளை எழுதியதை நாம் இன்னும் நகல் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

ஜெய்சல்மேர்ப் பக்கம் ஓரண் என்று உண்டு. சாமிக்கு விட்ட காடு. கோடரி படக் கூடாது, மாடு மேயலாம். நூற்றாண்டுகளாக ஊர் காப்பாற்றி வந்தது. அரசுப் பதிவேட்டில் இவற்றில் பல ஓரண் என்று ஏறவில்லை. அரசுத் தரிசு என்றிருக்கிறது. தரிசைக் கம்பெனிக்குக் குத்தகை விடுவதில் எந்தக் குமாஸ்தாவுக்கும் உறுத்தல் வராது. கோப்பில் ஒன்றுமில்லாத இடத்தில்தானே கம்பம் நடுகிறார்கள்? மாடு மேய்க்கிறவர்கள் ஊர்வலமும் மனுவுமாக அலைந்துகொண்டிருக்கிறார்கள், தங்கள் இடத்தில் ஏதோ இருக்கிறது என்று நிரூபிக்க. கவிதையில் வெறுமையைப் பாடியவர்களை இதற்குப் பொறுப்பாக்குவது அபத்தம். ஆனால் கவிஞனும் கணக்குப்பிள்ளையும் ஒரே சொல்லில் சௌகரியமாக உட்கார்ந்திருக்கும்போது, எழுந்திருக்க வேண்டியவன் கவிஞன் என்றுதான் நான் நினைக்கிறேன்.

கடைசி நாள் ஓட்டுநர் எங்களைத் தன் மைத்துனர் வீட்டுக்குக் கூட்டிப்போனார். நாலு குடிசை சேர்ந்த குடியிருப்பு, டாணி என்கிறார்கள். மழை இங்கே வருஷத்துக்கு 200 மில்லிமீட்டரை ஒட்டித்தான். சென்னையில் பெய்வதில் ஏழில் ஒரு பங்கு. அந்த மழையில் விழும் தண்ணீருக்கு அவர்களிடம் மூன்று பெயர் இருக்கிறது. நேரே வானத்திலிருந்து வந்து ஓடிக் குளத்தில் நிற்பது பாலர். (நம் பாலாற்றுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நம்முடையதில் வருஷத்தில் பெரும்பகுதி மணல்.) ஆழத்தில், பெரும்பாலும் உப்புக் கரித்துக் கிடப்பது பாதாளத் தண்ணீர். இரண்டுக்கும் நடுவில் ஒன்று. சில இடங்களில் மணலுக்குக் கீழே சுண்ணாம்பு மாதிரி ஒரு ஜிப்ஸம் படுகை ஓடுகிறது. மழை மணலில் இறங்கி, அந்தப் படுகைக்குக் கீழே போய் உப்போடு கலக்க முடியாமல், மணலுக்குள்ளேயே ஈரமாகத் தங்கிவிடுகிறது. அதற்கு ரேஜாணி என்று பெயர். ஈரத்துக்கு ஒரு தனிப்பெயர். அனுபம் மிஸ்ரா ராஜஸ்தானின் தண்ணீர் பற்றி ஹிந்தியில் எழுதிய புத்தகத்தில், மேகத்துக்கு இவர்கள் வைத்திருக்கும் பெயர்களை நாற்பது வரையில் கணக்கிட்டிருக்கிறார். மேகமே வராத ஊரில்.

அந்த ஈரத்தை எடுக்கத் தோண்டுவது குயீ. கிணற்றின் பெண்பால். ஒரு ஆள் குந்தித் தோண்ட மட்டும் இடமிருக்கும் குறுகல், ஆழம் படுகை வரை. சுற்றியுள்ள மணலிலிருந்து ஈரம் துளித்துளியாகக் கசிந்து அடியில் சேரும். வாய் அகலமாக இருந்தால் அதுவும் ஆவியாகிவிடும் என்பதால் மரமூடி. மைத்துனர் இடுப்பிலிருந்து சாவியை எடுத்தார். மூடிக்குப் பூட்டுப் போட்டிருந்தது. வாளியை இறக்கி இழுத்தார். கயிறு வெகு நேரம் வந்துகொண்டே இருந்தது. வாளியில் பாதிக்கும் குறைவு. இரண்டு பித்தளைத் தம்ளரில் ஊற்றி எங்களுக்குக் கொடுத்தார். நல்ல தண்ணீர், கொஞ்சம் சில்லென்று. நாளைக்கு இரண்டு மூன்று குடம் வரும், காலையில் ஒன்று எடுத்தாயிற்று என்று ஓட்டுநர் மொழிபெயர்த்தார். மிச்சத்தைத் திரும்பவும் உள்ளே ஊற்றாமல் வாசலில் கட்டியிருந்த ஆட்டுக்கு வைத்தார் மைத்துனர். மூடியைப் போட்டுப் பூட்டினார். சாயங்காலத்துக்குள் இன்னொரு குடம் ஊறிவிடும் என்றார்.